நிற்காத வண்டி கட்டிய அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய நினைவு நாளுக்காக மலையேறிக் கவுஞ்சிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. மலருக்கு என்னை எழுதச் சொன்ன மதினி, "ஒங்க அண்ணனுக்குக் கோவமே வராது, யாரையும் அதட்டிப் பேச மாட்டாகன்னு எழுது பாப்பா" என்றார். பொய் எழுத எனக்குக் கை வராது. கோபம் வந்தால் அண்ணன் ஸ்பேனரைத் தூக்கி எறிவார். எறிந்த ஸ்பேனரைத் தேடி வீட்டில் உள்ள எல்லோரும் பூண்டுப் பாத்தியில் குனிந்து நிற்போம். தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காக எத்தனை ஸ்பேனர் வேண்டுமானாலும் தேடலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அண்ணன் இதே ஊரில், இதே வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அப்பாவோடு காட்டு வேலையில் இறங்கினார். படிப்பு ஏறவில்லை என்பது அம்மாவின் கட்சி. ஏறிவிடாமல் அவரே பார்த்துக்கொண்டார் என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் அப்பா யாரிடமோ கைமாறி வந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். பூண்டு மூட்டை ஏற்றுவதற்காக அதன் பின்னால் கனமான ஒரு இரும்புக் கேரியர் வைத்திருந்தார். பனி உறையும் மார்கழிக் காலையில் பஸ்ஸைத் தவறவிட்ட என்னை டேங்கின் மேல் உட்காரவைத்து அண்ணன் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். இறங்கியதும் இரண்டு பேரும் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குளிர் காய்வோம். அந்தச் சூட்டுக்காகவே நான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. அண்ணனுக்கும் அது தெரியும்.

நான் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐப்பசி மழைக்காலம். ஒருநாள் விடிந்ததும் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஊருக்கும் மன்னவனூருக்கும் நடுவே மண் சரிந்து பஸ் வரவில்லை. அண்ணன் அப்பாவை வண்டியில் ஏற்றி, அம்மாவின் சேலையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சரிந்த மண்ணின் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனார். மன்னவனூர் தாண்டி, பூம்பாறை வருவதற்கு முந்திய பெரிய வளைவில் வண்டி நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. வெகுநேரம் கழித்து, காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரிக்காரர் அவர்களைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். அன்று சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

"வண்டி நிக்காம வந்திருந்தாலும் இதேதான் தம்பி நடந்திருக்கும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது.

வண்டி எங்கள் பூண்டுக் கொட்டகையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. விற்றுவிடலாம் என்று அம்மா வாயெடுக்கும் போதெல்லாம் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படியே வருடங்கள் போயின. அவருக்குக் கல்யாணமாகி மதினி வந்தார். அண்ணனின் கூட்டாளி ஒருவர் கொடைக்கானலில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பிறகு என் வீட்டுக்காரர் ஆனார். ஒருநாள் அவர் சுற்றுலா வந்தவர்களிடம் கேட்ட ஒரு கதையைக் கொண்டுவந்தார்: கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஓடுதளத்தில் ஆறு மணி நேர மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறதாம்.

"அதுல வேகமா போறது பெருசில்ல மச்சான். நிக்காம போகணும். ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டணும். கடைசி மணி அடிக்கும்போது வண்டி ஓடிக்கிட்டு இருக்கணும், அதேன் கணக்கு."

அண்ணன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே கேட்டார். மறுநாள் வெள்ளனே எழுந்து போய்ச் சாக்கை உருவிப் போட்டார்.

முதல் வேலையாக அந்த மூட்டைக் கேரியரை அறுத்தார். அறுத்து முடிக்கும் வரைக்கும் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன் என்று பந்தயத்துக்கு வேண்டாத எல்லாம் கழன்றன. பெட்ரோலுக்காக அடிக்கடி நிற்கக் கூடாதே என்று, பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு டேங்கின் பாதியை நம் டேங்கோடு சேர்த்துப் பற்றவைத்துப் பெரிதாக்கினார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பிக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டார். ஓட்டை இருந்தது. கீழே நின்ற என் தலையில்தான் சொட்டியது. ஹேண்டில் பாரைத் தாழ்த்தி, கால் வைக்கும் கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு போல்ட்கூட அதிர்வில் கழன்றுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் கட்டினார். அவர் ஏறி உட்கார்ந்து காட்டியபோது அம்மா பார்த்துவிட்டு, "என்னய்யா, மாடு மேயற மாதிரி குனிஞ்சு கெடக்க? இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார்.

எல்லாவற்றையும்விட அண்ணனுக்குத் தண்ணீர்மேல்தான் பயம். பிளக் ஒயரையெல்லாம் சைக்கிள் டியூபால் சுற்றி ஒட்டுவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். "இன்னும் ஊத்து பாப்பா, இன்னும் ஊத்து" என்பார். என் கை கடுக்கும். வண்டி நிற்காது. அப்போதும் அவர் முகம் மலராது. எனக்குத்தான் கண் கலங்கும். குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஓட்டிப் பார்ப்பதெல்லாம் பக்கத்து ஊரான கிளாவரைக்குப் போகும் ரோட்டில்தான். ஹார்ன் இல்லாத வண்டியில் மலை வளைவைத் திரும்புவது எப்படி? அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் "ஏஏய்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரும்புவார். பீன்ஸ் பறிக்கும் பெரியம்மா ஒருவர் வழியை மறித்து, "ஏலே, ஒனக்கு வேற சோலி இல்லையா? ஒன் சத்தத்துல எங்க வீட்டு மாடு பாலை அடக்கிக்கிருச்சு" என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வளைவில் மறுபடி கத்தினார். அந்தப் பெரியம்மா இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா, உங்கள் மாட்டிடம் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பந்தயத்துக்கு வண்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஓட்டுவது, நான் பெட்ரோல் ஊற்றுவது, சுற்றுக் கணக்கைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவது என்று ஏற்பாடு. ஓடுதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் குழந்தை மாதிரி ஓடிவந்தார். "பாப்பா, கீழ எறங்குனதும் என்னா இழுப்பு இழுக்குதுங்குற!" வளைவில் பழக்கதோஷத்தில் கத்திவிட்டதாகவும் சொன்னார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து அணிக்காரர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், எங்கள் வண்டிக்கு அருகே வந்து மூக்கைச் சுளித்தார். "ஏனுங்க, இங்க யாராச்சும் ரசம் வெக்கறீங்களா?" வருடக்கணக்காகப் பூண்டுக் கொட்டகையில் கிடந்த வண்டி, சீட்டு முழுக்கப் பூண்டு வாசம்.

அந்த இழுப்பில்தான் எங்கள் தப்பு ஒளிந்திருந்தது. மலையில் காற்று லேசு. அதனால் எஞ்சினுக்குள் பெட்ரோல் போகும் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டை, எங்கள் பக்கத்தில் சின்ன ஓட்டை உள்ளதாகத்தான் போடுவோம். கீழே காற்று கனம். பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். அடிவாரத்து வத்தலக்குண்டு போய் வருவதற்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் வெந்துபோகும். மழைக்கும் தண்ணீருக்கும் அத்தனை காவல் போட்ட அண்ணன், பிறந்ததிலிருந்து மூச்சுவிட்ட காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. மலைக்காரன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

பாதிப் பந்தயம் தாண்டியதும் அண்ணனைக் காணவில்லை. சிலேட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன், மற்ற வண்டியெல்லாம் வருகின்றன, நம் வண்டி மட்டும் வரவில்லை. கடைசியில் தூரத்தில், அந்தக் கொதிக்கும் வெயிலில், குளிரிலேயே வளர்ந்த என் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் கறுத்துப் போயிருந்தது. "நின்னுருச்சு பாப்பா" என்றார்.

ரசம் கேட்ட அந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான் எட்டிப் பார்த்தார். "மலையிலிருந்து வந்தீங்களா? ஜெட்டை மாத்துனீங்களாங்க?" அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் தன் பெட்டியைத் திறந்து, "இதுல சேர்றதை எடுத்துக்கங்க. எஞ்சின் ஆறட்டும், அவசரப்படாதீங்க" என்று கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஆறிய எஞ்சின் மெல்ல விட்டுக்கொடுத்தது. ஜெட்டையும் பிளக்கையும் மாற்றி, மிச்ச நேரத்தை என் வீட்டுக்காரர் உருட்டிக்கொண்டே ஓட்டினார். மணி அடித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இடம்.

"அதேன் மறுபடி கெளம்பிருச்சுல்ல, சிரிச்சாத்தேன் என்ன?" என்று நான் அண்ணனைச் சீண்டினேன். "நின்னது நின்னதுதேன்" என்றார்.

மறுவருஷமும் போனோம். ஜெட்டை மாற்றிக்கொண்டு போனோம். ஆறு மணி நேரமும், பெட்ரோலுக்கும் ஆள் மாறுவதற்கும் தவிர, வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நடுவாந்திரமான இடம் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எதற்காக இத்தனை பாடுபட்டாரோ அது முடிந்துவிட்டது, இனி மனிதர் நிம்மதியாகச் சிரிப்பார் என்று பார்த்தேன். அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் அதைப் பழைய இடத்தில் நிறுத்திச் சாக்கைப் போர்த்தினார். அப்புறம் பந்தயப் பேச்சே எடுக்கவில்லை. ஏன் இந்த மனுஷனுக்கு மனசு ஆறவே இல்லை என்று நானும் மதினியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் வந்த நோய் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மதுரை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தோம். மதினி முன்னால், நானும் அண்ணனும் பின்னால். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், குளிர் ஆகாது என்று வழியெல்லாம் நான் அவசரப்படுத்திக்கொண்டே வந்தேன். பூம்பாறை தாண்டியதும் அந்த வளைவு வந்தது.

"மாப்ள, நிப்பாட்டு" என்றார் அண்ணன்.

"இங்க எதுக்குண்ணே? வெரசா வீட்டுக்குப் போயிருவோம்" என்றேன் நான்.

"நிப்பாட்டச் சொல்லு பாப்பா."

இறங்கி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். நான் சால்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பள்ளத்தில் பூண்டுக் காடு. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு வண்டி நின்னதும் அப்பாவ இந்தச் சொவத்துலதேன் சாச்சு வச்சேன். மழை விட்டிருந்துச்சு. 'ஏலே, பதறாத. வந்து ஒக்காரு. ஒங்கூட ஒக்காந்து பேசி எம்புட்டு நாளாச்சு'ன்னாரு. நான் ஒக்காரல பாப்பா. கிக்கர ஒதைச்சுக்கிட்டே இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாரு. 'இருப்பா'ன்னு அதட்டிட்டேன். லாரி வர்ற வரைக்கும் ஒதைச்சுக்கிட்டுதேன் இருந்தேன்."

நான் அழுதுவிட்டேன். அண்ணன் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிர் ஏறியது, யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை. பிறகு அவராகவே, "செரி, போவோம்" என்றார். அன்றைக்கு அவர் முகம் தெளிந்திருந்தது. அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நோயில் அவரைத் தாங்கிய மதினிக்கு. தோள் கொடுத்துத் தூக்கிய ஊராருக்கு. அன்று அப்பாவை ஏற்றிக்கொண்ட, பேர் தெரியாத லாரிக்காரருக்கு. ஜெட் கொடுத்ததோடு நிற்காமல், சேதி கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து காரியத்துக்கு வந்து, கொட்டகைக்குள் போய் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன அந்த நல்ல மனிதருக்கு. நான் வேண்டாம் என்றும் ஜீப்பை நிறுத்திய என் வீட்டுக்காரருக்கு.

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் எல்லோரும். திரும்பிப் போகிற வழியில் அந்த வளைவு வரும். கூட வந்தவர்களோடு இறங்கி, அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும்.