சனிக்கிழமைத் தோணியில் இரண்டு பேர்

மீன் பிடித்துத்தான் சோறு தின்ன வேண்டும் என்ற நிலை எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அவர் தச்சு வேலை செய்தார். சனிக்கிழமை விடியும்போது தோணியில் ஏறி வாவியில் தூண்டில் போட்டோம் என்றால் அது பொழுதுபோக்கு, வேறொன்றுமில்லை. வலை வீசிப் பிழைத்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எட்டு வருஷம் அப்படிப் போனோம். அதில் கடைசி மூன்று வருஷங்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் தொடக்கத்தைச் சொல்லாவிட்டால் முடிவு விளங்காது.

கதிரவெளியில் நாலு வருஷம் படிப்பித்துவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு டவுனுக்கு இடமாற்றம் கிடைத்து வந்தேன். கலியாணம் செய்திருக்கவில்லை, பிறகும் செய்யவில்லை. புளியந்தீவில் ஓர் அறை எடுத்து இருந்தேன். நிலத்தில் அடுக்கி வைத்த புத்தகங்களைக் கறையான் தின்னத் தொடங்கியபோது, அலுமாரி ஒன்று செய்விக்கலாம் என்று சின்ன உப்போடைக்குப் போனேன். அங்கேதான் அவருடைய வீடும் பட்டறையும் இருந்தன.

அவர் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். பெண்சாதியோடும் இரண்டு மகள்மாரோடும் போர்த்துக்கீசும் தமிழும் கலந்து பேசுவார். என்னோடு பேசிய தமிழ் என்னுடையதைவிடச் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவியார் என்பார்கள்; நானும் அவரைக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

இரண்டு கிழமையில் தருவதாகச் சொன்ன அலுமாரி இரண்டு மாதமாகியும் வரவில்லை. மூன்றாம் முறை கேட்கப் போனபோது, பட்டறைக்குள் பலகைக்குப் பதிலாகத் தூண்டில் கட்டும் தங்கூசி நூல் சுருள் ஒன்றை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அலுமாரி என்னாச்சு, ஓடாவியார்?"

"அதுக்கென்ன அவசரம், மாஸ்டர்? சனிக்கிழம வெள்ளன வாங்க. தோணியில வச்சுக் கதைப்பம்."

போனேன். அலுமாரியைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணாப் பற்றை ஓரமாகச் சிறிய வீச்சுவலையைப் போட்டு உயிர் இறால் பிடித்தார். அதைத் தூண்டிலில் கோத்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் விட்டோம். கொண்டுபோன பாணையும் சம்பலையும் தின்றோம். பத்து மணி வரைக்கும் ஒரு கெளிறுதான் பட்டது. அதையும் அவர் கழற்றித் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். எனக்கு அந்தக் காலையைப் போல் நிம்மதியான காலை அதற்கு முன் வந்ததில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிரே ஓர் ஆள் இருந்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நல்ல நாட்களும் வந்தன. முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒருநாள் அரை மணித்தியாலத்துக்குள் மூன்று கொடுவா பிடித்தோம். இன்னொரு நாள் தூண்டில் என் பெருவிரலில் ஏறி முள் மறுபக்கம் வந்துவிட்டது. அவர் குறட்டால் முள்ளை நறுக்கி, மிச்சத்தை இழுத்தெடுத்துவிட்டு, "இண்டைக்கு மாஸ்டர்தான் பெரிய மீன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவருடைய பெண்சாதி இரண்டு பேரையும் ஒன்றாக ஏசினார். ஏசிக்கொண்டே கொடுவாத் தலையில் சொதி வைத்துத் தந்தார். சனிக்கிழமை மத்தியானச் சோறு எனக்கு அந்த வீட்டில்தான் என்று ஆகிவிட்டது.

ஐந்தாம் வருஷம் அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போக விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள். பெண்சாதியின் தமையன் முன்பே மெல்பேர்னுக்குப் போயிருந்தார். சின்ன உப்போடையில் அந்த வருஷங்களில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். சிலருக்குச் சரிவந்தது, பலருக்குச் சரிவரவில்லை. ஓடாவியாருக்குப் பெரிய ஆசை இருந்ததென்று நான் நினைக்கவில்லை.

"இஞ்ச என்ட புள்ளையளுக்கு என்ன இரிக்கு, மாஸ்டர்?" என்று ஒருநாள் தோணியில் கேட்டார். "எனக்கெண்டா இந்த வாவி போதும். அதுகளுக்குப் போதாது."

அவர் போனால் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வைத்திய சோதனைக்கு நாலு பேரும் கொழும்புக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்கள். சனிக்கிழமை காலையில் நான் கரைக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து, தோணிக்குள் நின்ற தண்ணீரைப் பேணியால் இறைத்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு பேருக்கும் சரி" என்றார். "எனக்கு நெஞ்சில நிழல் விழுந்திரிக்காம். ஒரு வருசம் மருந்தெடுத்துப் போட்டு மறுகா வரட்டாம்."

"அப்ப?"

"அதுகள் முன்னுக்குப் போகட்டும். தமையன் பாத்துக்கொள்ளுவார். நான் பிறகு போறன்."

"ஒரு வருஷம்தானே, கவலைப்படாதீங்க" என்றேன். சொல்லிவிட்டு இறால் வாளிக்குள் குனிந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதனின் நெஞ்சில் விழுந்த நிழலைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்திருந்தேன்.

அவர்கள் மூவரும் புறப்பட்ட நாளில் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் கொழும்பு வரை கூடப்போய்க் கப்பலேற்றிவிட்டு நாலாம் நாள் தனியே வந்தார். அந்தச் சனிக்கிழமையும் தோணி எடுத்தோம்.

அதற்குப் பிறகு அவர் அடுத்த மாதம் பயணம் போகிறவரைப் போலவே வாழ்ந்தார். புது வேலை எதையும் பாரம் எடுக்கவில்லை. கட்டிலையும் மேசையையும் அயலவருக்குக் கொடுத்துவிட்டார். பட்டறை வாங்குப் பலகையில் பாய் போட்டுப் படுத்தார். ஒரு கோப்பை, ஒரு பீங்கான், ஒரு பெட்டி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார், குளிசைகளை நேரம் தவறாமல் விழுங்கினார். வருஷம் முடிந்து எக்ஸ்ரே எடுத்தபோது நிழல் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு வருஷம் என்றார்கள். அந்த வருஷம் முடிந்தபோது நிழல் பெருத்திருந்தது.

இடையில் ஒரு நாள், மாரி தொடங்கும் நேரம், தோணியைத் தள்ளப் போகையில் அவர் நின்றார்.

"டொக்டர் ஈரக் காத்தில திரிய வேணாமெண்டவர், மாஸ்டர்."

நான் வானத்தைப் பார்த்தேன். வடகீழ்ப் பக்கம் இருண்டு கிடந்தது. "வெள்ளனத் திரும்பிடுவம்" என்றேன். "வீட்டுக்குள்ள தனிய அடைஞ்சு கிடந்தா மட்டும் சுகம் வருமா?"

அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். அன்று நனைந்துதான் வந்தோம். அடுத்த சனிக்கிழமையும் நான் போய்க் கூப்பிட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டேன். அவர் ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லையே என்பதை நான் பிறகு பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் பிரயோசனம் இல்லை.

மெல்பேர்னிலிருந்து முதலில் கிழமைக்கொரு கடிதம் வந்தது. பிறகு மாதத்துக்கொன்று. பெண்சாதி தமிழில் எழுதுவார். சின்ன மகளின் கடிதங்கள் இங்கிலீஷில் வரத் தொடங்கின. அவற்றைத் தோணிக்குக் கொண்டுவந்து என்னை வாசிக்கச் சொல்வார். பள்ளிக்கூடம், குளிர், ஒரு நாய்க்குட்டி. கடைசியில், அப்பா எப்போது வருவீர்கள் என்ற கேள்வி இருக்கும். பின்பு வந்த கடிதங்களில் அந்தக் கேள்வி இல்லை. நான் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

மூன்றாம் வருஷம் ஒரு படம் வந்தது. மூத்தவளின் கலியாணம். மாதா கோயில் வாசலில் வெள்ளை உடுப்போடு நின்றாள். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் மாமன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் கடிதம் போட்டிருந்தார்கள்.

"வடிவா இரிக்காள்" என்றார். படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இறாலைத் தூண்டிலில் கோத்தார். கோப்பதற்கு வெகு நேரம் எடுத்தது.

கடைசியாகப் போன நாளில் துடுப்பை நான்தான் பிடித்தேன். அவர் முன்பக்கத்தில் சாக்கை விரித்துச் சாய்ந்திருந்தார். இருமல் வந்தால் வாயைத் துணியால் பொத்துவார், துணியை மடித்து மறைப்பார். நான் பாராதவன்போல இருப்பேன். முகத்துவாரத்துக்குக் கிட்டப் போய் நங்கூரக் கல்லை இறக்கி நின்றோம். வெயில் ஏறி, இனித் திரும்பலாம் என்று நான் நினைத்தபோது அவருடைய தங்கூசி இழுபட்டது.

பெரிய கொடுவா. ஒரு முறை தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியபோது பார்த்தேன், எட்டு வருஷத்தில் நாங்கள் பிடித்த எதையும்விடப் பெரியது. அவர் எழுந்து முழங்காலில் நின்றார். நூல் விரல்களுக்குள் ஓடியது. கொஞ்சம் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பிறகு கைகள் நடுங்கத் தொடங்கின. தன் நூலை அவர் ஒரு நாளும் மற்றவர் கையில் கொடுத்ததில்லை. மீன் போனால் போகட்டும் என்பாரே தவிரக் கொடுக்கமாட்டார்.

"பிடிங்க, மாஸ்டர்" என்றார்.

வாங்கினேன். கால் மணித்தியாலம் போராடி மீனைத் தோணிக்குள் ஏற்றினேன். அது பலகையில் அடித்துக்கொண்டு கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரிவரல்ல எண்டு சொன்ன அண்டைக்கு உங்கட முகத்தப் பாத்தனான்" என்றார். "நீங்க குனிய முந்தியே பாத்திட்டன். உங்களுக்குச் சந்தோசம்."

நான் மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றத் தொடங்கினேன்.

"கோவம் வரல்ல. இஞ்ச நான் வேணுமெண்டு நினைக்க ஒராள் இரிக்கே எண்டு அப்ப ஆறுதலாத்தான் இரிந்தது." இருமி முடிந்து மூச்சு வாங்கினார். "மறுகா யோசிச்சுப் பாத்தன். உங்களுக்கு நான் வேணுமெண்டில்ல. தோணிக்கு இன்னொராள் வேணும். ஆராயிரிந்தாலும் சரி."

"அப்பிடியில்ல, ஓடாவியார்."

"சரி, அப்பிடியில்ல" என்றார், சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதைப்போல. "தோணியக் கிறுக்குங்க. வெயில் கூடிப்போச்சு."

தோணியைத் திருப்பி வலித்தேன். கரைக்கு வர ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது பொய் என்று சொல்ல ஆசைதான். சொல்லப்போனால் எனக்கே அது பொய்யா உண்மையா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மீனை அயல்வீட்டில் கொடுத்தேன். நான் என் அறைக்கு வந்தேன்.

அடுத்த கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பின்னேரங்களில் போய்ப் பார்த்தேன். வாவியைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் சாப்பாடு, மழை, ரயில் தாமதம் என்று எதையோ பேசினோம். பேச அவருக்கு மூச்சும் இல்லை. ஒரு நாள் நான் துணிந்து, "அண்டைக்குச் சொன்னதைப் பற்றி..." என்று தொடங்கினேன். கையை மெல்ல உயர்த்தி வேண்டாம் என்பதுபோல அசைத்தார். மன்னித்துவிட்டாரா, கேட்கவே விருப்பமில்லையா என்று அந்தக் கையசைவிலிருந்து அறிய முடியவில்லை. நாலு நாளைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நான் பாடத்தின் நடுவே எழுந்து போனேன்.

அடக்கத்துக்கு அயலவர்கள் வந்தார்கள், பங்குச் சுவாமி வந்தார். மழை பெய்ததால் சுருக்காக முடித்தார்கள். தந்தியை நான்தான் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய பெண்சாதியிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. கடைசிக் காலத்தில் மிகவும் வருந்தினாரா, தங்களைப் பற்றி ஏதும் சொன்னாரா, மழையில் நனையாமல் கவனமாக இருந்தாரா என்று கேட்டிருந்தார். கூடவே ஓர் ஆளாவது துணைக்கு இருந்ததே, கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

பதில் எழுத மூன்று நாள் எடுத்தேன். அதிகம் வருந்தவில்லை என்று எழுதினேன். உங்களைப் பற்றித்தான் எந்நேரமும் பேசினார் என்று எழுதினேன். கவனமாக இருந்தார் என்று எழுதினேன். மூன்றும் பொய். கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. நானும் மறுபடி எழுதவில்லை.