சாவடியைத் தாண்டிய பை

எழுபதுகளின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்தில் ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில் பயிற்சி நிருபராகச் சேரப் புறப்பட்டேன். அன்று காலை அம்மா என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். அங்கே சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"அக்காட்ட குடுத்துடு. புள்ளைக்குத் துணி, கொஞ்சம் பூண்டு, பெருங்காயம். கீழ போட்டுடாத."

கீழே போட்டால் கெட்டுப்போகிற எதையும் அவர் சொல்லவில்லை. நிருபராகப் போகிறவன் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எங்கள் ஊர் காரைக்காலில் பிராந்தி கடையில் கிடைக்கும். எல்லையில் இருக்கும் வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. அப்போது அங்கே மதுவிலக்கு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி கலந்து கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். யாரும் அதைக் குடி என்று நினைத்ததில்லை. அம்மாவுக்குச் சட்டம் தெரியும். குடிகாரர்களுக்குப் போட்ட அந்தச் சட்டம் மருந்துக்கும் பொருந்தும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

திருமலைராயன்பட்டினத்தில் பட்டினச்சேரியைச் சேர்ந்த மீன்காரம்மா ஒருவர் கூடையோடு ஏறினார். கண்டக்டர் கத்தினார்.

"ஏம்மா, கூடைய மேல ஏத்துன்னு எத்தன தடவ சொல்றது?"

"மேல வெச்சா காக்கா திங்கும். காக்காய்க்கும் சேத்து டிக்கெட் போடுவியா?"

பஸ் சிரித்தது. கண்டக்டர் விட்டுவிட்டார். அந்த அம்மா என் இருக்கைக்குப் பக்கத்தில், நடக்கும் வழியில் கூடையை வைத்துவிட்டுக் கீழேயே உட்கார்ந்தார். நான் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். அன்றைக்காகவே தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

எல்லைச் சாவடியில் பஸ் நின்றது. முன்வாசலில் ஒரு கான்ஸ்டபிள், பின்வாசலில் ஒருவர். "பையெல்லாம் தொறந்து வைங்க" என்றார் முன்னால் ஏறியவர். மறைக்க ஒன்றும் இல்லாதவனின் உற்சாகத்தோடு மடியில் இருந்த பையின் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டேன். குழந்தைத் துணிக்குள் விரலில் கண்ணாடி தட்டியது. சிறிய கழுத்து, திருகுமூடி. கால் பாட்டில்.

நான் சேரவிருந்த பத்திரிகையில் மதுவிலக்குக் கைதுகளின் பட்டியல் தினமும் வரும். பெயர், தந்தை பெயர், வயது, ஊர். பிடிபட்டால் வேலை போய்விடும். வேலைக்குச் சேராமலே அந்தப் பத்திரிகையில் என் பெயர் வந்துவிடும்.

கான்ஸ்டபிள் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். முடித்து நிமிர்ந்து எங்கள் பக்கம் அடி வைத்தார். "கொஞ்சம் புடி தம்பி" என்று மீன்காரம்மா கூடையைத் தூக்கி என் மடியில், பையின் மேல் வைத்தார். மீன் தண்ணீர் சட்டையில் வழிந்து இறங்கியது. பாட்டில் அந்தக் கணம் மறந்துபோனது.

"ஏங்க, அறிவிருக்கா ஒங்களுக்கு? புதுச் சட்டைங்க!"

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, பொண்ணு பாக்கப் போறியா? நல்ல வாசனையாத்தான் போற" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

பஸ் கிளம்பி, சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மூச்சை விட்டேன். அந்த அம்மாவிடம் தாழ்ந்த குரலில் நன்றி சொன்னேன்.

"எதுக்கு? பூட்ஸ் காலால மிதிச்சுடுவாரேன்னு தூக்கி வெச்சேன். அப்பத் திட்டுன, இப்ப நன்றிங்கிற. காலைல ஏதாச்சும் சாப்ட்டியா, இல்லியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பையை ஒரு முறை பார்த்தார். "சொல்லக் கூடாதா? கூடைக்குள்ளயே போட்டிருப்பேனே."

நாகூரில் இறங்கிப் போய்விட்டார். அலுவலகத்தில் என்னருகே யாரும் நிற்கவில்லை, ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். மாலையில் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தாள். "பெரியம்மா மறக்கவே மாட்டாங்க. ஆமா, துணியெல்லாம் ஏன் கவுச்சி அடிக்குது?"

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கோபமாகச் சொன்னேன். "மாதாதான் ஒங்கூட வந்திருக்கா" என்றார். வெறும் தற்செயல் என்றேன். பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் எல்லைச் சாவடிகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காக, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஏட்டைச் சந்தித்தேன். அன்று பஸ்ஸில் ஏறியவர் அவர்தானா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"பையைப் பாக்குறது சும்மாங்க. மூஞ்சியத்தான் பாப்போம். சரக்கு வெச்சிருக்கவன் ஜன்னலப் பாப்பான், இல்ல ரொம்ப மரியாதையா எங்களப் பாப்பான்."

"கோபப்படுறவன்?"

"அவன விட்டுருவோம். மடியில சரக்க வெச்சுக்கிட்டு எவனுக்குங்க கோவம் வரும்?"

அன்றிரவு குறிப்பேட்டில் கட்டுரைக்கு உதவாத சில வரிகள் எழுதினேன். அந்த அம்மா கவலைப்பட்டது மீனுக்காக. நான் கத்தியது சட்டைக்காக. கான்ஸ்டபிள் தன் பழக்கப்படி முகத்தைப் படித்தார். மூன்றுக்கும் தனித்தனியே காரணம் இருந்தது. மூன்றும் ஒரே நிமிடத்தில் ஒரே இருக்கையில் வந்து சேர்ந்ததற்குத்தான் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தற்செயல் என்று நான் சொன்னது அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டுமே பொருந்தும். அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் இப்போது நான் மறுப்பதில்லை.

அன்று பகலில் ஏட்டு வீட்டில் கட்டுரைக்கு வேண்டியதை எழுதி முடித்த பிறகு, அவரிடம் என் கதையையும் சொல்லியிருந்தேன். சொல்லும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒடையாமப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சுங்க."

"அப்பச் சரி. பச்ச ஒடம்புக்காரி" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.