வயிற்றைக் கழுவியவர்

வெள்ளைக்காரன் காலத்தில், திருமுல்லைவாயிலிலிருந்து பட்டணம் போகும் ரயிலில் தினமும் என் எதிரே ஒரு குமாஸ்தா உட்காருவார். குடலில் வாழும் கிருமிகள் விஷம் கக்கி மனிதனைக் கொல்கின்றன என்று எங்கோ படித்துவிட்டு, நாள்தோறும் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு மாதம் சட்டை அவருக்குப் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒருநாள் ரயிலில் ஏறிய ஒரு மோர்க்காரி அவரிடம் குவளையை நீட்டினாள். "ரெண்டு வாய் குடி நைனா. இன்னாத்துக்கு இப்டி காஞ்சிகினு கீற?"

"மோர்லயும் கிருமி இருக்கும்மா. என் வயித்துல இப்ப ஒண்ணுகூட இல்ல."

"பூச்சிங்களோட நீயும் போய்க்கினு கீறியே!"

அவர் பெருமையாகச் சிரித்தார். ஈறுகளில் ரத்தம் கசிந்தது. கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கறையை என்னிடம் காட்டினார். "பாத்தீங்களா? மிச்ச விஷமும் வெளிய வருது" என்றார்.

அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்து நான் அதுவரை பயந்ததில்லை.