படகின் வயிற்றுப் பலகை

மேட்டூரை விட்டு வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு தேக்குப் பலகை. நிறுத்தினால் என் நெஞ்சு உயரம் வரும். ஒரு முனை வளைவாகச் செதுக்கியது, விளிம்புகள் கத்திபோல் மெலிந்தவை. எந்தக் கண்டக்டரும் அதைப் பஸ்ஸில் ஏற்ற ஒப்பவில்லை. ஆடிக்காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் பலகை தோளில் திரும்பி என்னையும் திருப்பியது. எப்போது திருப்பினாலும் தண்ணீர்ப் பக்கமே திருப்பியது. தோள் மாற்றினேன், பாலம் ஏறி எதிர்க்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் தண்ணீர்ப் பக்கந்தான். பட்டினியோடு நெடுந்தூரம் நடந்து பழகியவன் நான், நடைக்குப் பயமில்லை. பலகையைக் கீழே வைக்கத்தான் பயமாயிருந்தது. வைத்தால் அது தானாக இறங்கிப் போய்விடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அது எழுபதுகளின் கடைசி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓரிடத்தில் ஒரு வருஷம் தங்காமல் திரிந்த நான், சங்ககிரியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்போம். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பாய்மரப் படகின்மேல் ஆசைப்பட்டு, அதை வாங்கி மேட்டூர் அணைத் தண்ணீரில் விட்டார். நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், படகு மட்டும் திரும்பி வந்தது. பாய் விரித்தபடியே, நண்டு நகர்வதுபோலப் பக்கவாட்டில் வந்து கரையில் ஒட்டியதாம். உள்ளே அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாக, நனையாமல் இருந்தன. ஆள் கிடைக்கவில்லை. எவ்வளவு தேடியும் உடம்பும் கிடைக்கவில்லை.

உறவுக்காரர்கள் தாலியைக் கழற்றச் சொல்லி வந்துகொண்டே இருந்தார்கள். “ஒடம்பப் பாக்காம எப்படிங்க கழட்டறது? நாளைக்கு வந்து நின்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார் அக்கா. யாரோ லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்ட படகு மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது அசைத்தால் வயிற்றுக்குள்ளிருந்து ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும், ஒருவர் தண்ணீர் விழுங்குகிற மாதிரி. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. விறகு எடுக்கப் போகிறபோது என் கால் பட்டு அந்தச் சத்தத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சத்தம் கேட்டதும் அக்கா கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நிற்கும்.

அதை விற்றுவிடுவது என்று அவரே முடிவெடுத்தார். பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஆற்றுக்கு அக்கரையிலும் அவருக்கு நிலம் இருந்தது. படகைச் சுற்றி வந்தவர் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். “ஏனுங்க அம்மிணி, ஆளத் தின்ன வண்டின்னாலும் நான் எடுப்பனுங்க. எதனால தின்னுதுன்னு தெரியோணும். பிரேக்குன்னா பிரேக்க மாத்தலாம். காரணந் தெரியாத வண்டிய ஊட்டுக்குக் கொண்டு போனா எம்பட பொண்டாட்டி என்னைய உள்ள உடமாட்டா.” லாரி கைமாறுகிற ஊரில் இது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். உயிர் பலியான வண்டிக்குக் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் அதைச் சரிசெய்து, பூசணிக்காய் உடைத்து, சேவல் அறுத்து ஓட்டிப்போவார்கள். சொல்லாவிட்டால் அது நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும்.

அக்கா என்னைப் பார்த்தார். “நீதான் கால் ஒரெடத்துல நிக்காதவனாச்சே சாமி. இது யார் யார் கையில இருந்துச்சுன்னு போய்க் கேட்டுட்டு வா.” விற்பனைக்காக மட்டும் அவர் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அக்காவின் அண்ணன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மச்சானுக்குப் படகைக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு அது வந்தது இளம்பிள்ளைச் சேலை வியாபாரி ஒருவரிடமிருந்து. இளம்பிள்ளைக்குப் போனேன். வியாபாரி எனக்கு மோர் கொடுத்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார். கோயில் குளத்தில் தெப்பம் விட ஆசைப்பட்டு, மேட்டூரில் ஓர் என்ஜினியர் மாற்றலாகிப் போகும்போது அதை வாங்கினாராம். “வவுத்துல நீளமா ஒரு ஓட்டைங்க, கை நொழையறாப்பல. ஏமாத்திப்போட்டான்னு நெனச்சு, உங்கூருப் பட்டறைக்கு அனுப்பி அடைக்கச் சொன்னேன். அப்பறம் கொளத்துல எறக்குனா, மூக்கு கெழக்க பாக்குது, படகு தெக்க போவுது. யாரும் தள்ளலீங்க. அம்மன அதுல ஏத்த மாட்டேன்னு பூசாரி ஒரே புடி. திருப்பிப் பட்டறையிலயே போட்டுட்டேன்.” சொல்லிவிட்டு அவர் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். மயிர் சிலிர்த்திருந்தது.

மேட்டூரில் அந்த என்ஜினியர் இருந்த குவார்ட்டர்ஸில் வேறு யாரோ குடியிருந்தார்கள். சமைக்கிற அம்மா மட்டும் பழைய ஆள். படகு என்றதும் உள்ளே போய் இந்தப் பலகையைக் கொண்டுவந்தார். வடகம் காயப்போட வைத்திருந்தாராம். “படகோட இதக் குடுக்க ஐயா மறந்துட்டாருங்க. வவுத்துல ஒரு சந்து இருக்கும், அதுல சொருகுவாரு. சொருகலீன்னா காத்து எந்தப் பக்கமோ படகும் அந்தப் பக்கம்னு சொல்லுவாரு. எடுத்துட்டுப் போயிருங்க. வெயில்ல எத்தன நாள் போட்டாலும் இந்த ஓரம் மட்டும் காயறதில்ல.” தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

வாய்க்கால் கரையில் எனக்கு நடையைவிடக் கனமாக இருந்தது இதுதான். ஓட்டை ஓட்டையே அல்ல, இந்தப் பலகைக்கான சந்து. அடைத்தது அக்காவின் அண்ணன். சொல்லலாமா, சொல்லாமல் இந்தப் பலகையை வாய்க்காலில் விட்டுவிட்டு வேறு ஊர் பார்த்துப் போய்விடலாமா? போவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கரண்டி ஒரு கணம் நிற்பது நினைவுக்கு வந்தது. வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தேன், பலகையைத் துண்டால் தூணோடு கட்டிவிட்டு.

மறுநாள் மதியச் சாப்பாடு ஓய்ந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் இலை எடுத்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். கொடிக்கால்காரரும் தகவல் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார். இளம்பிள்ளையில் கேட்டதையும் மேட்டூரில் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அக்கா எழுந்து போய்ப் படகின் அடியில் விரலை ஓட்டினார். தார் பூசிய தகரம், வரிசை பிசகாத ரிவெட்டுகள். அந்த வரிசை எங்கள் சாலையில் போகிற பாதி லாரிகளில் இருந்தது. யாருடைய கை என்று அவருக்குத் தெரியாமலிருக்குமா?

“செருப்பக் கழட்டி வெச்சுட்டு எறங்கியிருக்காரு” என்றார். “வண்டி நேராப் போகலீன்னா எறங்கித் தள்ளற ஆளுதானே அவரு. லாரின்னா நிக்கும். இது காத்தோட ஓடியிருக்கும். நீந்திப் புடிக்க முடிஞ்சிருக்காது.” பிறகு, திரும்பிப் பார்க்காமல், “அண்ணா, இதப் பிரிச்சு உடுங்க” என்றார்.

அண்ணன் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். மேலும் கீழும் அடைத்து, உள்ளே ஒரு பெட்டிபோல் ஆகியிருந்த சந்து அது. கடைசி ரிவெட் தெறித்ததும் தகரம் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. கறுத்த, சில்லென்ற தண்ணீர். அணைப் பாசியின் வாடை அடித்தது. இத்தனை வெயிலையும் தாண்டி அந்த நாளின் தண்ணீர் அங்கே இருந்திருக்கிறது. அதுதான் விழுங்கிக்கொண்டிருந்தது என்று என் அறிவுக்குப் புரிந்தது, முதுகுக்குப் புரியவில்லை. அக்கா ஓடிப்போய்ச் சொம்பு எடுத்து வந்து, மண் குடித்தது போக மிச்சத்தைப் பிடித்தார். சொம்பை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். “வந்துட்டீங்களா” என்று மட்டும் கேட்டார், மிகச் சாதாரணமாக. அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பிறகு கருமாதி நடந்தது.

கொடிக்கால்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “நான் எடுத்துக்கறனுங்க அம்மிணி. பலகையோட.” அண்ணன் மேல் அடைப்பையும் பிரித்ததும், சந்தில் பலகையைக் கொடிக்கால்காரரே இறக்கிப் பார்த்தார். உறையில் கத்தி போவதுபோல் போயிற்று. அதன்பின் படகை எவ்வளவு அசைத்தும் சத்தம் வரவில்லை. பல வருஷம் அது காவிரியில் வெற்றிலைக் கட்டு ஏற்றி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போதும் கரையில் நின்று எந்தப் படகைப் பார்த்தாலும் முதலில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

அண்ணனை அக்கா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் துணிமூட்டையோடு சாலைக்கு வந்தபோது அண்ணன் பட்டறை வாசலில் நின்றிருந்தார். “ரிவெட்டு அடிக்கோணும் சாமி. பின்னால ஆள் வேணும்” என்றார். சேர்ந்துவிட்டேன். ரிவெட்டின் பின்பக்கம் இரும்புக் கட்டையைத் தோள்கொடுத்து அழுத்திப் பிடிக்கிற வேலை. பலகை உராய்ந்து சிவந்திருந்த அதே தோள். அவர் ஒன்றை அடிப்பார், சுத்தியலை இறக்குவார், தகரத்தில் காதை வைப்பார். அந்தப் பக்கம் நானும் வைப்பேன். அந்தக் ‘களக்’ இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததை அடிப்போம்.