பெருவிரல் செய்த வேலை

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, செத்துப்போன என் தங்கையின் பிள்ளை. அது என் வயிற்றில் பிறக்கவில்லை என்று பதினெட்டு வயது வரைக்கும் அதற்கே தெரியாது. அப்படிக் காத்த வாய் என்னுடையது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாய் காப்பது லேசான காரியமில்லை. ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டிலிருந்து, "கொத்தமல்லி போட்டுக் குடிங்க" என்பார்கள். அதனால் ரகசியம் பேச வருகிறவர்கள் முதலில் டிவியைச் சத்தமாக வைப்பார்கள். பிறகுதான் பேச்சு.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த காம்பராக்காரி அப்படித்தான் வந்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள், பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவளுடைய ஒரே மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறது. அந்தப் பிள்ளைக்கு லிந்துலையில் மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

அவள் வருவதற்குச் சற்று முன்புதான் நான் போனில் பேசினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், போனில் தட்ட வராது. கோயில் குரூப்புக்குக் குரல் பதிந்துதான் அனுப்புவேன். மைக் படத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துப் பேச வேண்டும், முடிந்ததும் விரலை எடுக்க வேண்டும். "விளக்குப் பூசைக்கு எண்ணெய் நா தாரேன்" என்று சொல்லி விரலை எடுத்தேன். எப்படி எடுத்தேன்? நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளிய விரல் அது. அமத்தினால் மேலே சுண்டித்தான் எடுக்கும். அப்படிச் சுண்டினால் மைக் பூட்டிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் பதிந்துகொண்டே இருக்குமாம். அது எனக்குத் தெரியாது. போனை மேசையில் வைத்துவிட்டேன்.

அவள் வந்தாள். டிவியைக் கூட்டி வைத்தாள். என் பக்கத்தில் குந்தி, "பெரியம்மா, மாருல ஒரு கட்டி மாதிரி இருக்கு. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காங்க. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னா சொல்லுவாங்களோ. மகளுக்கே இன்னும் சொல்லல" என்றாள்.

"என் வாயில இருந்து ஒரு சொல்லு போவாது, புள்ள."

வாயிலிருந்து போகவில்லை என்பது உண்மை. அவள் போன பிறகு பார்த்தேன், போனில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எண்ணெய்ப் பேச்சு இன்னும் போகவில்லை போலும் என்று பச்சை அம்பை அமத்தினேன். போய்விட்டது. டிவிச் சத்தத்துக்கு மேலே அவள் குரலும் போய்விட்டது.

அந்தக் குரூப்பில் மாப்பிள்ளையின் அத்தை இருந்தாள். இரண்டே நாளில் லிந்துலையிலிருந்து பேச்சு வந்தது. "தாய்க்குப் புத்துநோயாமே. தையில வேணாம், பொறவு பாத்துக்குவோம்." பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்து, அது வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். லிந்துலைக்காரர்கள் அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை.

லிந்துலையிலிருந்து பேச்சு வந்த அன்றைக்கே அடுத்த காம்பராக்காரி என் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. "நம்ம ரெண்டு பேருதானே இருந்தோம், பெரியம்மா?" என்று கேட்டாள்.

அதற்கு முந்தின நாளே என் மகனுடைய மகள் அந்தப் பதிவை அழித்துவிட்டு, மைக் பூட்டிக்கொள்வதை எனக்குச் செய்து காட்டியிருந்தாள். "நீங்கதான் அனுப்பியிருக்கீங்க, அப்பாயி" என்றும் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் சொன்னேன். "போன் தானா கேட்டிருக்கு, புள்ள. தானா அனுப்பியிருக்கு. இப்ப எல்லாப் போனும் ஒட்டுக் கேக்குதாமே."

அந்தப் பேச்சு தோட்டம் முழுக்க இருந்ததுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி, "குக்கர் வாங்கணும்னு பேசுனேன், போனத் தொறந்தா ஒரே குக்கரா வருதுடி" என்பாள். "ஒம் புருசன் சரியில்லன்னு பேசிப் பாரு, வேற ஆளக் காட்டும்" என்பாள் இன்னொருத்தி. அதனால் வாசலில் நின்றவள் நம்பிவிட்டாள். மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

போன் ஒட்டுக் கேட்குமா கேட்காதா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் என்கிறார்கள், கேட்காது என்கிறார்கள். அன்றைக்குக் கேட்டது, நான் கேட்க வைத்ததால்.

அன்றிலிருந்து அவள் தன் போனைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் வைக்கிறாள். முன்பெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் தாயும் மகளும் போனில் பேசிச் சிரிப்பது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். இப்போது, "சாப்புட்டியா? நாங்க நல்லா இருக்கோம். வக்கிறேன்" என்பதோடு சரி. என்னிடம்கூடக் கையால் சாடை காட்டுகிறாள்.

போன மாதம் அந்தப் பிள்ளை கொழும்பிலிருந்து எனக்கு அழைத்தது. "பாட்டி, அம்மா ஏன் எங்கூடப் பேச மாட்டேங்குறாங்க? கல்யாணம் நின்னது என்னாலன்னு கோவமா?" என்று கேட்டு அழுதது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு தரம் அவள் வாசல் வரைக்கும் போனேன். ஒரு தரம் ரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொரு தரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். என் நாக்கு நடுவழியில் திரும்பிவிடுகிறது. எழுதிவிட்டால் திரும்பாது. அதனால் இதையெல்லாம் பேத்தியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன். பத்து நாள் ஆனது. கூட்டெழுத்தையும் கால் சுழியையும் அவள் திருத்தித் தந்தாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது. கொப்பியைப் பேத்தியிடம் கொடுத்தேன்.

"டிவிய நிப்பாட்டு. மொதல்ல இருந்து வாசி."

"அவங்க வீட்டுலதான் இருக்காங்க, அப்பாயி. கேக்குமே."

"கேக்கட்டும். சத்தமா வாசி."