வெட்டி ஒட்டிய குரல்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில், ஸ்பானிய வினைச்சொற்களை வெட்டுவது என் வேலை. மொழி கற்றுத்தரும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் நான் ஸ்பானிய மொழி படித்திருந்தேன், அதனால் எடுத்துக்கொண்டார்கள்.

சொற்களைப் பேசிப் பதிவுசெய்து கொடுத்தவர் பெரு நாட்டுப் பெண். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை, செம்பவாங்கில் வீடு. அவர் குரலை நான் இரண்டு விதமாகப் பிரிப்பேன். 'கான்தாபாமோஸ்' என்றால் 'பாடிக்கொண்டிருந்தோம்'. வாய்க்கு அது கான்-தா-பா-மோஸ், இலக்கணத்துக்கு கான்த்-ஆ-பா-மோஸ். உயர்நிலைப் பள்ளியில் 'பாடினோம்' என்பதைப் பாடு, இன், ஓம் என்று பிரித்த அதே வேலைதான். பிடித்துத்தான் செய்தேன்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு மாடியேறி வந்தேன். முதலாளியும் ஒலிப்பதிவைக் கவனிக்கும் ஆளும் கணினி முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல்: "பேசாமே." 'என்னை முத்தமிடு' என்று பொருள். அப்படி ஒரு சொல்லை அவர் பேசியதே இல்லை. 'முத்தமிடு' என்பதற்கு நான் வெட்டி வைத்த 'பேசா' என்ற துண்டோடு, 'என்னைக் கூப்பிடு' என்பதன் கடைசியில் வரும் 'மே'யை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"பேசாமே இருன்னு சொல்றாங்க லா!" என்றார் ஒலிப்பதிவு ஆள். சாப்பிட்டுக் கழுவாத விரலால் முதலாளி மறுபடி மறுபடி அழுத்தினார். குழம்பு விசைப்பலகையில் ஈஷியது.

"டிலீட் பண்ணுங்க பாஸ்."

"சும்மா ஜோக்குமா. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

அன்று மாலையே செம்பவாங்குக்குப் போய் அவரிடம் சொன்னேன். யார் யார் சிரித்தார்கள் என்று மட்டும் அவர் கேட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தனியாக வந்தார். முதலாளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை. "என்னைச் சொல்ல வைத்த அந்தச் சொல்லை, இப்போது என் முகத்தைப் பார்த்து உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். முதலாளி தரையைப் பார்த்தார். ஒலிப்பதிவு ஆள் திரையைவிட்டுத் திரும்பவே இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டுமல்ல, தன் பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கும்வரை அந்தப் பெண் அங்கேயே நின்றார். முதலாளி மன்னிப்புக் கேட்டு நீட்டிய கையைத் தொடாமல் படியிறங்கினார்.

கதவு மூடியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீதான போய்ச் சொன்ன?"

"ஆமா."

"கூடவே வேலை பாத்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமாம்மா? இனிமே உன்னை எப்படி நம்புறது?"

நேற்றைய கூத்தைவிட அந்த 'நம்புறது' தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மேசையில் இருந்த என் பொருள்களை எல்லாம் பைக்குள் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக புக்கிட் மேரா பேருந்தைப் பிடிக்கப் போனேன்.