மொட்டைத் தலையில் நிற்காத ஹெட்செட்

அப்பா சுந்தரமூர்த்தி செத்தபோது குருவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அனந்தபுரத்தில் சாவைவிட அதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. அத்தை ஆண்டாள் பந்தலில் வைத்தே கேட்டுவிட்டாள்: "பெத்தவன் போயிட்டான், கல்லு மாதிரி நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு புள்ளயா?" குருவுக்கும் அதே சந்தேகம்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. நைனாமேல் தனக்குப் பாசமே இல்லையோ என்று பயந்தான். அந்தப் பயம்கூட யாருடையதோ போல எட்டி நின்றது.

கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தான். செஞ்சியில், கோட்டைக்குப் போகும் வழியில், விநாயகத்தின் வி.ஆர். கேம் கடையில் வேலை. ராஜகிரி ஏறி இறங்கி முழங்கால் நடுங்க வருகிற சனத்தை நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணை மறைக்கிற ஹெட்செட்டை மாட்டி, விண்வெளிக்கு அனுப்பிவைப்பான். ராக்கெட்டை அவர்களே ஓட்டிக்கொள்ளலாம். மாட்டிவிடுவதில் குருவுக்கென்று ஒரு பக்குவம் உண்டு. முதலில் முகத்தில் வைத்து, அப்புறம் பின்பட்டையைப் பிடரி மேட்டுக்குக் கீழே இறக்குவான். பாரம் மூக்கில் உட்காரக் கூடாது, மேல்பட்டைதான் தாங்க வேண்டும். கொண்டை போட்ட பெண்களுக்குப் பட்டை கொண்டைக்கு அடியில் போகும். திரையில் எழுத்து தெளியும்வரை உள்ளே இருக்கும் கண்ணாடிகளை நகர்த்துவான். ஒன்று பிசகினாலும் போதும், சனி கிரகத்தைத் தாண்டுவதற்குள் ஆள் வாந்தி எடுத்துவிடுவார்.

கடை திறந்ததும் தானே ஒரு சுற்றுப் பறந்து பார்ப்பது வழக்கம். அன்றும் மாட்டினான். முடி இருந்தவரை ஒழுங்காகப் பிடித்த பட்டை, மழித்த தலையில் வழுக்கிக் காதில் வந்து விழுந்தது. இறுக்கிப் பார்த்தான். நெற்றி வலித்ததுதான் மிச்சம்.

"இன்னா குரு, மொட்டைக்கு நிக்க மாட்டேங்குதா?" என்றார் விநாயகம், டீயை உறிஞ்சியபடி.

"பாத்துக்கலாம்ண்ணே."

கை தன்பாட்டுக்குத் தோள் துண்டை எடுத்து, நாலாக மடித்து, பிடரிக்கும் பட்டைக்கும் நடுவில் செருகியது. ஹெட்செட் அசையாமல் உட்கார்ந்தது. ராக்கெட் கிளம்பி, பூமி காலுக்குக் கீழே நழுவிய பிறகுதான் உறைத்தது. இந்த வேலையை இதற்கு முன் ஒரே ஒரு தலைக்குத்தான் செய்திருக்கிறான்.

போன காணும் பொங்கலுக்கு நைனா கடைக்கு வந்திருந்தார். வழுக்கைத் தலையில் ஹெட்செட் நிற்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டையே மடித்துச் செருகினான். பறந்த நேரம் முழுக்க நைனா அவன் மணிக்கட்டை விடவே இல்லை. "கீழ ஒண்ணுமே இல்லடா குரு. நீ பக்கத்துலதான இருக்குற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இருக்கேன் நைனா, எங்கயும் போவல" என்று இவனும் சலிக்காமல் சொல்லிக்கொண்டு நின்றான்.

இப்போது இவனுக்கும் கீழே ஒன்றுமே இல்லை. இடது கை தானாக நீண்டு காற்றில் துழாவியது.

தலைசுற்றல் என்று நினைத்து விநாயகம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடா, படம் சரியில்லையா?"

"மங்கலா இருக்குதுண்ணே."

குரு கண்ணாடிகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான். தெளியவில்லை. ஹெட்செட்டுக்கு அடியிலிருந்து கன்னத்தில் வழிந்து தாடையில் சொட்டியதை விநாயகம்தான் முதலில் பார்த்தார். பதறிப்போய்க் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்கண்ணே," என்றான் குரு. "கையை மட்டும் விட்டுடாதீங்க."